பாட்டு எப்படி இருந்துச்சு?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் தோளில் ஒரு பையும் மூக்குக் கண்ணாடியுமாக இறங்கினால், "கல்வெட்டு பாக்க வந்தீங்களா சார்?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். 2020 டிசம்பரில் புதிய பார்லிமென்ட் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பிரதமர் இந்த ஊர் பேரைச் சொன்னாலும் சொன்னார், வருகிறவன் போகிறவன் எல்லோரையும் கல்வெட்டு கேஸாகவே பார்க்கிறார்கள். நான் போனது சித்தி வீட்டு விசேஷத்துக்கு. சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு நழுவி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எதிர் பெஞ்சில் ஒரு பையன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பக்கத்தில் துணிப்பைக்குள் வட்டமாக ஏதோ. பறை. போனில் சத்தமாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாட்டு. எனக்குத் தெரிந்த பாட்டு என்பதால் ஒரு பெருமையோடு பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி, இவங்க மொத கச்சேரிக்கு நான் போயிருக்கேன். கீழ்ப்பாக்கத்துல. பத்திரிகையில எழுதக்கூட செஞ்சேன்."

பையன் பாட்டை நிறுத்தினான். கண்ணில் ஒரு மரியாதை வந்தது. அடுத்த கேள்வியில் அது போய்விட்டது.

"அப்டியா சார்? பாட்டு எப்படி இருந்துச்சுன்னு எழுதினீங்க?"

நான் என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய கட்டிங்கைத் தேடி எடுத்துப் படித்தேன். அயோத்திதாசப் பண்டிதர் பற்றி ஒரு பாரா. அவர் பயன்படுத்திய 'சாதியற்றவர்கள்' என்ற கருத்திலிருந்துதான் குழுவுக்குப் பெயர் வந்தது என்ற தகவல். டைரக்டர் பா.ரஞ்சித் பற்றி ஒன்றரை பாரா. அம்பேத்கர் பற்றி ஒரு பாரா. கூட்டம் ஆடியது, விசில் அடித்தது. கடைசியில் 'இது ஒரு புதிய தொடக்கம்' என்று ஒரு முடிவுரை. அடுத்த வேலைக்குப் போகிற அவசரத்தில் நாங்கள் எல்லோரும் எழுதும் வரி அது. அந்தக் கட்டுரையில் ஒரு வாத்தியத்தின் பெயர்கூட இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு போகவில்லை. காதைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

நான் மட்டும்தானா? அந்தக் காலத்தில் மற்றவர்கள் எழுதியதையும் தேடிப் படித்தேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும். என் கண்ணில் பட்டவரை எல்லோரும் என் ஜாதிதான். (இந்த வார்த்தையை இந்த இடத்தில் போடக் கூடாதுதான். போட்டாச்சு.)

நடந்தது என்ன? 2018 ஜனவரி 6ஆம் தேதி, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் பத்தொன்பது பேர் கோட் சூட் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்கள். இசைக்குத் தலைமை டென்மா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் பின்னால் நின்றது. எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம். பறை, சட்டி, கட்ட மோளம் இன்னொரு பக்கம். கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவரும் ஒரே மைக் வரிசையில். பத்தொன்பது பேரில் ஒரே பெண் இசைவாணி. பின்னால் 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. மேடைக்குப் பிறகு ஆல்பமும் வந்தது. பெயர் 'மகிழ்ச்சி'. 'கபாலி'யில் ரஜினி சொன்ன அதே சொல்தான்.

அந்த ஆல்பத்துக்கு என்ன விமர்சனம் வந்தது? இரண்டு விதம். 'ஆகா, புரட்சி' ஒன்று. 'இதெல்லாம் பாட்டா, அரசியல் பிரசாரம்' இன்னொன்று. இரண்டு தரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. இரண்டு பேருமே பாட்டைக் கேட்கவில்லை. தலைப்பைப் படித்தார்கள். யார் பாடுகிறார்கள் என்று பார்த்தார்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்தார்கள். முடிந்தது விமர்சனம்.

நான் பி.காம். படித்தவன். வவுச்சர் பார்க்காமல் பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டரை என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குப் பாடமே உண்டு.

திட்டுகிறவர்களை விட்டுவிடலாம். அவர்களிடம் காது எதிர்பார்ப்பது தப்பு. 'ஐயாம் சாரி ஐயப்பா' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் முன்பே மேடையில் பாடிய பாட்டு. 2024 நவம்பரில், மாலை போடுகிற சீசனில், திடீரென்று கண்டுபிடித்து போலீஸில் புகார் கொடுக்கிறார்கள். அத்தனை வருஷம் அது யாரையும் புண்படுத்தவில்லை. கேட்டிருந்தால்தானே புண்படுவதற்கு! ஒரு துண்டு வீடியோ போனுக்கு வந்தது, கோபமும் கூடவே ஃபார்வர்டு ஆகி வந்தது.

என் சண்டை அவர்களோடு இல்லை. பாராட்டுகிறவர்களோடு. அதாவது என்னோடு.

பாராட்டில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். ஒரு சின்ன ஒப்பீடு சொல்கிறேன். மார்கழி மாசம் மயிலாப்பூர் சபாவில் ஒரு வித்வான் பாடினால் என்ன எழுதுகிறோம்? ராகத்தை எங்கே தொட்டார், நிரவலில் எங்கே சறுக்கினார், தனி ஆவர்த்தனம் நீளமா, வயலின்காரர் ஈடு கொடுத்தாரா, கேன்டீன் அடை எப்படி, எல்லாம் எழுதுகிறோம். 1930களிலேயே 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி விகடனில் கச்சேரிகளைக் கிழித்துத் தோரணம் கட்டினார். பிறகு சுப்புடு வந்தார். சுப்புடுவிடம் திட்டு வாங்கியவர்கள் அழுதார்கள், ஆத்திரப்பட்டார்கள். ஆனால் ஒன்று, அந்த மனிதர் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சினிமாவுக்கும் அப்படித்தான். '16 வயதினிலே'வுக்கு விகடன் போட்ட 62.5 மார்க்கை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அரை மார்க்குக்குக்கூட ஒரு அர்த்தம் இருந்தது.

கானாவுக்கும் பறைக்கும் மட்டும் மார்க் கிடையாது. அவர்களுக்கு 'எழுச்சி', 'முழக்கம்', 'மண்ணின் குரல்' என்ற மூன்று ஸ்டாம்ப் வைத்திருக்கிறோம். ஏதாவது ஒன்றைக் குத்தி அனுப்பிவிடுகிறோம். இது மரியாதை இல்லை ஐயா. பந்தியில் உட்காரவைத்துவிட்டு, இலை போடாமல் 'நல்லா சாப்பிடுங்க' என்று உபசாரம் செய்வது.

அந்தப் பையன் இதை என்னைவிட நன்றாகச் சொன்னான். இரண்டாவது டீக்கு சார் போய் 'ண்ணா' ஆகியிருந்தேன்.

"எங்கப்பா சாவுக்கு அடிச்சாருண்ணா. துட்டும் குவாட்டரும் குடுப்பாங்க. எப்படி அடிச்சாருன்னு ஒருத்தன் கேட்டதில்ல. அடிக்கணும், அவ்ளோதான். நான் சாவுக்குப் போறதில்ல. மேடைதான். இப்போ மேடையில அடிச்சா கை தட்டுறாங்க, துண்டு போடுறாங்க, போராளின்றாங்க. எப்படி அடிச்சேன்னு இப்பவும் யாரும் கேக்கல. அப்போ சாவுச் சேதி சொல்ல அடிச்சோம். இப்போ வேற சேதி சொல்ல அடிக்கறோம். அவ்ளோதாண்ணா வித்தியாசம்."

டீ கிளாஸை நான் கீழே வைத்துவிட்டேன்.

இதற்கு மறுப்பு சொல்லலாம். என் நண்பர், நல்ல வாசகர், போனிலேயே சொன்னார்: "அந்தப் பாட்டுங்க அரசியலுக்காகவே உருவானதுய்யா. அதுல போய் சுருதி, தாளம்னு பிரிச்சுப் பாக்கறது மேல்தட்டுப் புத்தி." கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தப்பு. பிரிக்கச் சொல்லவில்லை. அந்தக் குழுவின் அரசியல் எங்கே இருக்கிறது? வார்த்தையில் மட்டுமா? சினிமாவில் கானா வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஹீரோ சோகத்தில் குடிக்கும்போது வரும், காமெடி டிராக்கில் வரும். பறை, குத்துப்பாட்டில் பின்னணியாக எங்கேயோ கேட்கும். இங்கே கட்ட மோளமும் சட்டியும் கிட்டாருக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அதே வால்யூமில் நிற்கின்றன. சில இடத்தில் கிட்டார் வாயை மூடிக்கொண்டு மோளத்துக்கு வழி விடுகிறது. அரசியல் அங்கே இருக்கிறது. அதைக் கேட்க மாட்டேன், வரியை மட்டும் படிப்பேன் என்றால் அரசியலையும்தான் பாதி விடுகிறீர்கள்.

இந்த மாதிரி விஷயம் வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று தேடினால் இங்கிலாந்தில் ஒரு கதை கிடைக்கிறது. 'ஸ்கா' என்று ஒரு இசை. பூர்வீகம் ஜமைக்கா. தாளத்தில் அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல், இரண்டு அடிக்கு நடுவில் இருக்கிற இடுக்கில் கிட்டார் 'க்கு' என்று வெட்டும். ஒண்ணு-க்கு, ரெண்டு-க்கு, மூணு-க்கு. அவ்வளவுதான் சூத்திரம். அதற்கு மேலே டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன். கேட்டால் நம் ஊர் கல்யாண பேண்டு செட்டுக்கு தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். அதன் ஆரம்ப கால ஜாம்பவான்களான 'ஸ்கேட்டலைட்ஸ்' குழுவில் பல பேர் கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஏழைப் பையன்கள் பள்ளியில் வாத்தியம் கற்றவர்கள். ஜமைக்கா சுதந்திரம் வாங்கிய 1962 சமயத்தில் அந்த ஊர் தெருவெல்லாம் இந்த இசைதான்.

பிழைக்கப் போனவர்களோடு அது கப்பல் ஏறி இங்கிலாந்து போனது. 1979இல் கவென்ட்ரி என்ற ஊரில் 'தி ஸ்பெஷல்ஸ்' என்று ஒரு குழு முதல் ஆல்பம் போட்டது. கவென்ட்ரி நம்ம ஒரகடம் மாதிரி, கார் கம்பெனிகளின் ஊர். கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்த நேரம். ஏழு பேரில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் கலந்து நின்றார்கள். அதுவே அன்றைக்குப் பெரிய அரசியல். அவர்களுக்கும் கோட் சூட்தான் யூனிஃபார்ம்! நிறவெறிக் கும்பல்கள் கச்சேரிக்கே வந்து கலாட்டா செய்த காலம்.

அடுத்த வருஷம் இரண்டாவது ஆல்பம் வந்தது. குழுவின் மூளையான ஜெர்ரி டேமர்ஸ், பெரிய ஹோட்டல் லிஃப்டில் ஒலிக்குமே, அந்த வழவழா இசையை ஸ்காவுக்குள் கலந்துவிட்டார். ரசிகர்கள் குழம்பினார்கள். விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். குழுவுக்குள்ளேயே சில பேருக்குப் பிடிக்கவில்லை. 'நிறவெறிக்கு எதிரான குழு, அதனால் ஆல்பம் நல்ல ஆல்பம்' என்று யாரும் முடித்துக்கொள்ளவில்லை. சண்டை ஒலியைப் பற்றி நடந்தது. 1981இல் 'கோஸ்ட் டவுன்' வந்தபோது, நாட்டில் கலவரம் நடந்துகொண்டிருக்க, அந்தப் பாட்டு மூன்று வாரம் நம்பர் ஒன்றாக நின்றது. இன்றைக்கும் அந்தப் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஆர்கன் சத்தத்தை, பேய் ஊளை மாதிரி வரும் கோரஸை எழுதாமல் இருப்பதில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் அந்தச் சத்தத்துக்குள் இருப்பதாகத்தான் கேட்கிறார்கள்.

வெள்ளைக்காரன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது. இருக்கிறது. நம் பேப்பரில் இல்லை, ஊரில் இருக்கிறது.

காஞ்சிபுரம், செய்யாறு சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் கூத்து பார்த்திருக்கிறீர்களா? விடிய விடிய நடக்கும். முன் வரிசையில் பாய் போட்டு உட்காரும் கிழவர்கள் இருக்கிறார்களே, சுப்புடு எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். "போன வருசம் வந்த ஜமாவுல முகவீணை பேசுச்சு, இவன் ஊதறது இருமறாப்புல இருக்கு." "துரியோதனன் தர்க்கம் நல்லா பண்றான், கிறுகி சுத்தமில்ல." "மிருதங்கக்காரன் தூங்கறான்டா, எழுப்பு." அடுத்த வருஷம் எந்த ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது என்று இந்தப் பேச்சுதான் தீர்மானிக்கும். நான் சின்னப் பையனாக அந்தக் கிழவர்களின் முதுகுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். பாதி தூக்கத்தில் காதில் விழுந்த அந்த ரன்னிங் கமென்ட்ரிதான் நான் கற்ற முதல் விமர்சனக் கலை. பட்டணம் வந்து, பத்திரிகையில் சேர்ந்து, அதை மறந்துவிட்டு 'எழுச்சி', 'முழக்கம்' கற்றுக்கொண்டேன்.

சரி, இப்போதாவது கணக்கை எழுதுகிறேன். ஏழு வருஷ பாக்கி.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் பலம் கூட்டுக்குரல். ஒருவர் பாட, பத்துப் பேர் திரும்பச் சொல்லும் இடத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 'ஜெய் பீம் ஆந்தம்' அப்படி ஓடுகிற பாட்டு. இட ஒதுக்கீட்டைப் பற்றிய 'கோட்டா' பாட்டில் அறிவு ஒரு டியூஷன் வாத்தியார் மாதிரி பொறுமையாக ஆரம்பித்து வேகம் பிடிப்பது அழகு. இசைவாணியின் குரலில் கானாவுக்கே உரிய அந்தக் கொக்கி இருக்கிறது, ஒரு வார்த்தையை முடிக்காமல் இழுத்துத் தொங்கவிடுவது. பலவீனம்? கிட்டார். ராக் கிட்டார் வந்தால்தான் பேண்டு என்று எங்கோ ஒரு பயம் இருக்கிறது. சில பாட்டில் அது தேவையில்லாமல் கத்துகிறது. பத்தொன்பது பேருக்கும் வேலை கொடுக்க வேண்டுமே என்று ஏற்பாடு செய்த மாதிரி சில இடங்கள் நெரிசல். மேடையில் கேட்டதற்கும் ரெக்கார்டிங்கில் கேட்பதற்கும் தூரம் அதிகம்.

2019இல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து போட்ட 'தெருக்குரல்' ஆல்பம் இந்த விஷயத்தில் புத்திசாலி. இரண்டே பேர். நெரிசல் இல்லை. அடியில் கனமான எலெக்ட்ரானிக் சத்தம், மேலே ஒரே ஒரு குரல். வார்த்தைக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. 'ஆன்டி இந்தியன்' கேட்டுப் பாருங்கள், தெரியும். அறிவு அரக்கோணத்துக்காரர். நமக்குப் பக்கத்து ஊர். ஆனால் இந்த ஆல்பத்தைப் பாட்டுப் பாட்டாக எடுத்து அலசிய ஒரு முழுப் பக்கத்தை எந்தத் தமிழ் வாரப் பத்திரிகையிலும் நான் பார்த்த ஞாபகம் இல்லை. நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

எதற்கு இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்றால், விமர்சனம் இல்லாத இடத்தில் பெயர் சுலபமாகக் காணாமல் போகும். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. அறிவின் பாட்டியின் கதை, தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்களின் கதை. உலகமே ஆடியது. அதே வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். எழுதி, கூடப் பாடிய அறிவு இல்லை. ரஞ்சித் கேட்டார், ஊர் கேட்டது, பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையிலும் அந்தப் பாட்டு ஒலித்தது, அறிவு இல்லாமல். அது எப்படி ஆயிற்று என்று ஆளுக்கொரு விளக்கம் வந்தது. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று வீடியோவிலேயே சொன்னார். கோடிக்கணக்கான பேர் பார்த்த பாட்டுக்கு வரவு பூஜ்யம்!

இந்தச் சண்டைகளின்போது பக்கம் பக்கமாக எழுதினோம். யார் பக்கம் நியாயம், யார் யாரை ஏமாற்றினார்கள். அந்தப் பாட்டில் எது யாருடைய வேலை, அந்த ஒப்பாரி ஜாடை எங்கிருந்து வருகிறது, அதை மெட்டாக மாற்றியதில் இசையமைப்பாளரின் கை எங்கே, என்று வந்த நாளிலேயே நாலு பேர் காது கொடுத்து எழுதி வைத்திருந்தால், பின்னால் அட்டையில் யாரைப் போடுவது என்று ஒரு ஆசிரியருக்குச் சந்தேகமே வந்திருக்காது. வரவு எழுதாத கணக்கில் திருட்டு நடந்ததா, கைத்தவறலா என்று கண்டுபிடிக்க முடியாது. பி.காம். முதல் வருஷப் பாடம்.

இன்னொரு முணுமுணுப்பும் கேட்கிறது. "நாமளே குறை சொன்னா எதிரிக்கு வாய்ப்பாயிடும்." இந்தப் பயத்தில்தான் நல்ல நண்பர்கள் பலர் வாயைத் திறப்பதில்லை. 2020இல் நீலம் ஆரம்பித்த 'மார்கழியில் மக்களிசை' மேடைகளில் எத்தனை வகைக் கலைஞர்கள் ஏறினார்கள்! அதில் அபாரமாக வாசித்தவரும் உண்டு, சுமாராக வாசித்தவரும் உண்டு. இருக்கத்தானே செய்யும். நாம் எல்லோரையும் ஒரே கைதட்டலில் அனுப்பிவிட்டோம். அபாரமாக வாசித்தவருக்கு இதைவிட அநியாயம் உண்டா? சபாவில் வாசிப்பவரைத் திட்டினால் அவர் கலைஞர். பறை வாசிப்பவரைத் திட்டக் கூடாது, பாவம். இந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

டீக்கடையிலிருந்து கிளம்பி, வந்ததற்கு வந்தோம் என்று வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய்க் கல்வெட்டைப் பார்த்தேன். பையனும் கூட வந்தான். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 என்று வருஷம் சொல்கிறார்கள். உலகுக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுத்த சுவர் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். சுவரில் என்ன எழுதியிருக்கிறது? கால்வேலி வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஊர் பெயரே சதுர்வேதிமங்கலம். பானைக்குள் எல்லோர் பெயரும் போகவில்லை. ஆனாலும் அருமையான கல்வெட்டுதான், பிரமாதமான நிர்வாகம்தான். படித்துவிட்டுப் பாராட்டுங்கள் என்கிறேன். இதையும் படிக்காமலே பாராட்டுகிறோம், படிக்காமலே திட்டுகிறோம்.

எனக்குப் பிடித்த விதி அதில் ஒன்று இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரையும், அவன் சொந்தக்காரர் பெயரையும் மறுபடி ஓலையில் எழுதக் கூடாது. அதைப் பையனுக்குச் சொன்னேன். சிரித்தான்.

"நீங்க எத்தினி வருசமா எழுதறீங்கண்ணா?"

"இருபது."

"அப்ப உங்க பேரு ஓலையில வராது."

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அந்த ஆல்பத்தைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்டேன். கோயில் திண்ணையில் உட்கார்ந்து போனைக் காதோரம் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓட்டினான்.

"இங்க கேளுங்க. தோலு சத்தம் அடங்கிப் போச்சு. வைக்கோல் போட்டுக் காய்ச்சினா இப்படி விழாது, கணீர்னு விழும். ரெக்கார்டிங் ரூம்ல நெருப்பு வைக்க வுட்டிருக்க மாட்டாங்க. சிந்தெட்டிக் தோலா இருந்தாலும் இருக்கும். இல்ல, மைக்க கிட்ட வெச்சிட்டாங்க. ஆனா அடிச்சிருக்கறவன் கை சுத்தம்ண்ணா. அந்தத் திருப்பத்துல பாருங்க, ஒரு அடி வுட்டுட்டுப் புடிக்கறான். அது சொல்லிக் குடுத்து வராது."

மூன்று முறை ஓட்டிக் காட்டினான். மூன்றாவது முறைதான் அந்த விட்டுப் பிடிக்கிற அடி எனக்குக் கேட்டது.